மார்புக்குள் வைக்கும் பொருளுக்குப் பேரேடு வேண்டாமா?

கார் கம்பெனி ஒரு மாடலைத் திரும்பப் பெறுகிறது என்றால் நமக்குப் புரியும். வண்டியைக் கொண்டுபோய் விடுவோம், காசு வாங்காமல் சரிசெய்து தருவார்கள். ஒரு பெண்ணின் மார்புக்குள் வைத்துத் தைத்த பொருளைத் திரும்பப் பெறுகிறோம் என்றால் என்ன அர்த்தம்? நம் வயதுக்காரர்கள் இதையெல்லாம் பேசக் கூசுகிறோம். அந்தக் கூச்சத்தில் லாபம் பார்ப்பவன் விற்கிறவன்தான். அதனால் எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை எடுத்தபின், சிலிகான் ஜெல் அடைத்த இம்ப்ளாண்டை வைத்து வடிவம் கொடுப்பது வழக்கத்தில் உள்ள சிகிச்சை. நான் அதற்கு எதிரி அல்ல. உடம்பு அவளுடையது, முடிவும் அவளுடையது. விஷயத்தை முழுதாகச் சொல்லாமல் முடிவெடுக்கச் சொல்கிறவர்களோடுதான் என் சண்டை.

2019 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதால், அலர்கன் நிறுவனம் தன் 'பயோசெல்' என்ற சொரசொரப்பான இம்ப்ளாண்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. காரணம், இம்ப்ளாண்டைச் சுற்றி வளரும் தழும்புத் திசுவில் வருகிற ஒருவகை லிம்ஃபோமா. இதுவும் புற்றுநோய்தான். அதுவரை எஃப்.டி.ஏ. கணக்கில் இருந்த 573 பேரில் 481 பேருக்கு வைத்திருந்தது அலர்கனின் பொருள். 33 பேர் இறந்திருந்தார்கள்.

கம்பெனி என்ன தந்தது? வழவழப்பான மாற்று இம்ப்ளாண்ட் இலவசம். நோய் வராமல், பயத்தில் மாற்றிக்கொள்ள நினைப்பவளுக்கு அறுவை சிகிச்சைச் செலவு? அது அவள் பாடு.

"பல லட்சம் பேரில் சில நூறு பேருக்குத்தானே?" என்பார்கள். உண்மை, அபூர்வமான நோய்தான். சீக்கிரம் கண்டுபிடித்து இம்ப்ளாண்டையும் தழும்புத் திசுவையும் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். அறிகுறி இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் எஃப்.டி.ஏ.யும் சொன்னது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல வருஷம் கழித்து மார்பு திடீரென்று வீங்கினால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால்தானே சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்? இந்த நோய்க்கும் இம்ப்ளாண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எஃப்.டி.ஏ. சொன்னது 2011ல். கட்டம் கட்டிய எச்சரிக்கையும், நோயாளியிடம் காட்டிக் கையெழுத்துக்கு வைக்க வேண்டிய பட்டியலும் வந்தது 2021ல். பத்து வருஷம்!

நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். ஒரு பேரிங் வெளியே போனாலும் பேட்ச் நம்பர், யாருக்குப் போனது, என்றைக்குப் போனது எல்லாம் பேரேட்டில் ஏறும். பிரிட்டனிலும் 1993 முதல் மார்பக இம்ப்ளாண்டுகளுக்கு ஒரு பதிவேடு இருந்தது. 2006ல் அதை மூடிவிட்டார்கள். 2010ல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனத்தின் மோசடி அம்பலமானது. மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைத் தர சிலிகானை அடைத்து விற்றிருந்தார்கள். பிரிட்டனில் மட்டும் சுமார் 47,000 பெண்கள் உடம்பில் அது இருந்தது. புதுப் பதிவேடு தொடங்கியது 2016ல். நிறுவனர் ஜான் குளோத் மாஸுக்கு மார்செய் நீதிமன்றம் 2013ல் கொடுத்தது நாலு வருஷம் சிறை. அந்தப் பெண்களின் கவலைக்கு எந்தக் கோர்ட் கணக்குப் போட்டது?

நம் வீட்டில், உறவில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நிலை வந்தால் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இது எத்தனை வருஷம் தாங்கும்? ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரேடியேஷன் உண்டா? உண்டென்றால் சுற்றியுள்ள திசு இறுகிப்போகும் அபாயம் கூடும். வேறு வழி என்ன? வயிற்றுத் திசுவை எடுத்து வடிவம் கொடுக்கலாம், ஒன்றும் வைக்காமல் தட்டையாகவும் தைத்துக்கொள்ளலாம். கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் எழுதிய அட்டை எங்கே? அதை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.

நாலுக்கும் பதில் கிடைக்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.