வலைத்தளம் அமைத்துத் தரும் பிள்ளைக்குக் கூலி கொடுங்கள்

மான்மவுத் ஜங்ஷனிலும், அருகிலுள்ள கெண்டல் பார்க், டேட்டன், பிளெய்ன்ஸ்பரோ ஆகிய ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோரில் ஒருவரேனும் கணினித் துறையில் பணியாற்றுகிறார். பிள்ளை கணினி அறிவியல் படிக்க விரும்பினால் வீட்டில் மறுபேச்சு இல்லை. வடிவமைப்பு படிக்க விரும்பினால், "அதற்கு வேலை கிடைக்குமா?" என்ற கேள்வி எழுகிறது. படிப்பை முடித்து எவரிடமும் வேலைக்குச் சேராமல் வலைத்தள வடிவமைப்பைச் சொந்தத் தொழிலாகத் தொடங்கப் போவதாக அப்பிள்ளை கூறிவிட்டாலோ, அன்றிரவு பெற்றோருக்கு உறக்கம் போய்விடுகிறது.

அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. விசாவையும் மாதச் சம்பளத்தையும் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு இந்நாட்டில் காலூன்றிய தலைமுறை நம்முடையது. ஆனால் இதே பெற்றோர், தமிழ்ப் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் தேவைப்படும்போதும், பொங்கல் விழாவுக்கு ஓர் அழைப்பிதழ் தேவைப்படும்போதும், தெரிந்தவர் உணவகத்தின் பட்டியலை இணையத்தில் ஏற்ற வேண்டியிருக்கும்போதும் முதலில் அழைப்பது அந்தப் பிள்ளையைத்தான். அரங்கேற்ற விழாவில் மண்டபத்துக்கும் உணவுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கொடுக்கிறோம். வலைப்பக்கம் அமைத்தவருக்கு மேடையில் ஒரு நன்றி. மிஞ்சினால் ஒரு பொன்னாடை. "நம் பிள்ளைதானே!" என்கிறோம். இலவசமாகச் செய்து தர வேண்டிய பணி என்று ஊரே கருதும் ஒன்றை ஒரு மாணவர் எவ்வாறு தொழிலாக எண்ணத் துணிவார்?

1971ஆம் ஆண்டு ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கரோலின் டேவிட்சன் என்ற வடிவமைப்பு மாணவி படித்துக்கொண்டிருந்தார். அங்கே கணக்கியல் கற்பித்துவந்த ஃபில் நைட், காலணி விற்கும் சிறு நிறுவனம் ஒன்றையும் நடத்திவந்தார். எண்ணெய் வண்ணம் வாங்கப் பணமில்லை என்று அம்மாணவி கூறியது அவர் காதில் விழ, மணிக்கு 2 டாலர் கூலியில் சிறுசிறு வேலைகள் கொடுத்தார். அவ்வாறு வந்த வேலைகளில் ஒன்றுதான் காலணியின் பக்கவாட்டில் இடுவதற்கான ஒரு கோடு. அதற்கு அம்மாணவி பெற்ற தொகை 35 டாலர். அந்த நிறுவனமே பின்னாளின் நைக்கி. 1983இல் நிறுவனம் அவரை அழைத்து, அச்சின்னம் பொறித்த மோதிரத்தையும் தன் பங்குகளையும் வழங்கியது.

இக்கதையைக் கேட்பவர்கள் வழக்கமாக 35 டாலர் என்ற தொகையைக் கண்டு வருந்துவார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. அம்மாணவிக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலி இருந்தது. செலவிட்ட நேரத்துக்குப் பணம் கைக்கு வந்தது. பட்டம் பெறும் முன்பே அவர் ஒரு தொழில் செய்பவராக நடத்தப்பட்டார். அதன் பிறகும் சில ஆண்டுகள் அதே நிறுவனத்துக்குத் தனித்தொழிலராகவே அவர் பணிபுரிந்தார்.

நம்மவர் ஒருவரின் கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். இந்திய ரூபாயின் சின்னத்தை வடிவமைத்தவர் கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கம். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று, மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருக்களைக் குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவர் அவர். 2010 ஜூலை 15 அன்று இந்திய அமைச்சரவை அவருடைய வடிவத்தை ஏற்றது. பரிசு இரண்டரை இலட்சம் ரூபாய். பின்னர் அவர் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் ஆசிரியரானார். தமிழ் எழுத்தைப் படிப்பது "எதற்கு உதவும்" என்று கேட்போருக்கு இதைவிட நல்ல விடை கிடைப்பது அரிது.

எனினும் அது ஒரு போட்டி என்பதை மறந்துவிடலாகாது. 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன, தேர்வானது ஒன்று. ஒரு நாட்டின் நாணயச் சின்னத்துக்கு அத்தகைய போட்டி பொருந்தலாம். நாற்பது குடும்பங்கள் உள்ள ஓர் அமைப்பு தன் விழாச் சின்னத்துக்காகப் பத்து மாணவர்களை வேலை வாங்கி, ஒருவருக்கு ஐம்பது டாலர் அன்பளிப்பு அட்டை தருவது பொருந்துமா என்பதை நம் சங்க நிர்வாகிகள் எண்ணிப் பார்க்கட்டும். அந்த ஐம்பது டாலருக்கு ஒரே மாணவரை அமர்த்தி இரண்டு மணி நேர வேலை கேட்பது அதைவிட நேர்மையானது.

"இப்போதுதான் விக்ஸும் ஸ்குவேர்ஸ்பேஸும் இருக்கின்றனவே, செயற்கை நுண்ணறிவே பக்கத்தை எழுதித் தருகிறதே, இத்தொழில் நிலைக்குமா?" என்று கேட்கும் பொறியாளத் தந்தையர் உண்டு. வெறும் பக்கம் கட்டித் தருவது மட்டும் தொழிலென்றால் நிலைக்காதுதான். ஆனால் தமிழில் ஒரு பக்கத்தை வடிவமைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஆறெழுத்துச் சொல்லுக்காகச் செய்த பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" அடங்குவதில்லை. மேலே விலங்கும் சுழியும், கீழே உகரத்தின் வாலும் வரும் தமிழ் எழுத்துகளுக்கு, ஆங்கில எழுத்துக்கு வைக்கும் வரி இடைவெளி போதுவதில்லை. வரிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. சொற்கள் நீளமாதலால் கைப்பேசித் திரையில் வரி எங்கு மடியும் என்பதும் ஒரு கலை. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த பவனம், கவிவாணர் போன்ற எழுத்துருக்கள் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி உள்ளன. அவற்றில் எது தலைப்புக்கு, எது உடற்பகுதிக்கு என்று தெரிந்து சொல்லக்கூடியவர் தமிழ் படிக்கத் தெரிந்த வடிவமைப்பாளரே. நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் வளைகுடாப் பகுதியிலும் தமிழ்ப் பள்ளிகள், கோயில்கள், நூல் விற்போர், மருத்துவ மனைகள் எனத் தமிழில் பேச வேண்டிய தளங்கள் எத்தனை! அவற்றுள் சில இன்னும் பழைய தகுதர எழுத்துருவிலேயே கிடந்து, திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிச் சென்ற பெற்றோரே, நீங்கள் அறியாமலேயே பிள்ளைக்கு ஒரு தொழிற்கருவியை வாங்கித் தந்திருக்கிறீர்கள்.

இனி, மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டிய செய்திக்கு வருவோம். கூலி கொடுங்கள் என்று நாம் கூறுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள மாணவர் நாளையே தொழில் தொடங்கலாம். எச்-4 விசாவில் உள்ள பிள்ளை படிக்கலாம். ஒரு டாலரும் ஈட்டக் கூடாது. 2015இல் வந்த வேலை அனுமதி, பச்சை அட்டைக்கான வழியில் குறிப்பிட்ட நிலையை எட்டிய எச்-1பி ஊழியர்களின் கணவன் அல்லது மனைவிக்கு மட்டுமே உரியது, பிள்ளைகளுக்கு அன்று. ரொக்கமாகக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்று எண்ணுவது, பின்னாளில் அப்பிள்ளையின் பச்சை அட்டை விண்ணப்பத்தையே பாதிக்கக்கூடும். வணிக நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்து தருவதும் பாதுகாப்பானதன்று. வழக்கமாகக் கூலி பெறும் வேலையைக் கூலியின்றிச் செய்தாலும் அது அனுமதியற்ற பணியாகக் கருதப்படலாம். தொண்டு அமைப்புக்கு உண்மையான தொண்டராகச் செய்வது வேறு.

எஃப்-1 மாணவருக்கு ஒரு சிறு வாயில் உண்டு. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் 12 மாத ஓ.பி.டி. காலத்தில், தம் படிப்போடு நேரடித் தொடர்புடைய தொழிலைத் தாமே நடத்தலாம். வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் அதில் ஈடுபட வேண்டும். அதற்குப் பிந்தைய 24 மாத ஸ்டெம் நீட்டிப்பில் தமக்குத் தாமே முதலாளியாக இருக்க இயலாது. 21 வயதில் எச்-4 தகுதியை இழந்து எஃப்-1க்கு மாறும் நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பன்னிரண்டு மாதங்களே தொழிலைச் சோதித்துப் பார்க்கும் காலம். இரண்டாவது விலைச்சீட்டை எழுதும் முன்பு ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுவது நல்லது. முதலாவதற்கு முன்பே பேசினால் இன்னும் நல்லது.

மருத்துவக் காப்பீடு பற்றிப் பெற்றோர் கொள்ளும் கவலைக்கு ஓரளவு விடை உள்ளது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிள்ளை 26 வயதுவரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். நியூ ஜெர்சியில் சில காப்பீடுகளில், தனிக் கட்டணம் செலுத்தி, 31 வயதுவரைகூட நீட்டிக்க முடியும். ஆனால் பெருநிறுவனங்கள் தாமே பொறுப்பேற்று நடத்தும் திட்டங்களுக்கு அது பொருந்தாது. இருபத்திரண்டு வயதில் பட்டம் பெறுபவருக்கு இதுவே நான்கு ஆண்டு அவகாசம்.

வரியையும் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுங்கள். நம் பிள்ளைகள் சம்பளச் சீட்டில் வரி பிடித்ததைக் கண்டிருப்பார்கள். தாமே கட்ட வேண்டியதைக் கண்டிரார்கள். மணிக்கு 25 டாலர் வீதம் 30 மணி நேரம் உழைத்து ஒரு தமிழ்ப் பள்ளியின் தளத்தை அமைத்தால் 750 டாலர். ஆண்டின் நிகர வருவாய் 400 டாலரை எட்டினாலே 15.3 விழுக்காட்டுச் சுயதொழில் வரி உண்டு. 750இல் 92.35 விழுக்காட்டின் மீது கணக்கிட்டால் ஏறத்தாழ 106 டாலர். வருமான வரி தனி. தொடக்கத்தில் எல்.எல்.சி. கட்டாயமில்லை, அமைக்க விரும்பினால் நியூ ஜெர்சியில் பதிவுக்கு 125 டாலர், ஆண்டறிக்கைக்கு 75 டாலர்.

கடைசியாக, எழுத்து வடிவ ஒப்பந்தம். "நமக்குள் எதற்கு ஒப்பந்தம்?" என்ற தயக்கம் இரு தரப்புக்கும் தீங்கு செய்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனித்தொழிலர் படைத்ததன் உரிமை பொதுவாக அவருக்கே உரியது. பணம் கொடுத்துவிட்டதாலேயே அது சங்கத்துக்குச் சேர்ந்துவிடாது. உரிமை கைமாறக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். 1989இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிற்பியின் வழக்கில், அவர் ஊழியர் அல்லர், ஒப்பந்தக்காரரே என்று தெளிவுபடுத்தியது. வலைத்தளம் அமைப்பவருக்கும் அதே அளவுகோல்தான்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், எந்த நாளில் முடிவு, பாதித் தொகை முன்பணம், தளம் ஏறியபின் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு என்பவை இருக்கட்டும். தளத்தின் பெயரையும் சேவையகக் கணக்கையும் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவான பெயர், அவர் கல்லூரிக்குச் சென்றபின் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் தளமே காணாமற்போவது நம் அமைப்புகளில் புதிதன்று. வரும் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைச் சங்கங்கள் தீட்டும்போது, மண்டப வாடகைக்கும் உணவுக்கும் கீழே "வலைத்தள வடிவமைப்பு" என்று ஒரு வரியைச் சேர்த்து, எதிரே ஒரு தொகையை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம். எண்ணூறு டாலரோ முந்நூறோ, அதை அந்தந்தச் செயற்குழு முடிவு செய்யட்டும்.