கதியால் நடத் தெரிந்தாற் போதுமா?

வேலணைத் தீவிலுள்ள புளியங்கூடல், மரத்தின் பெயரையே தன் பெயரிற் கொண்ட ஊர். அத்தீவிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வேலியடைத்தவர் பலர் கதியால் நட்டவரே. பூவரசிலோ கிளுவையிலோ முள்முருக்கிலோ ஒரு தடியை வெட்டி ஊன்றுவர். மாரி மழை கண்டதும் அது துளிர்க்கும். ஆண்டுகள் பல நின்று ஆட்டுக்குக் குழையும் வயலுக்குப் பசளையும் தரும். தண்டிலிருந்து பல்லாண்டுப் பயிரைப் பெருக்கும் இக்கலையை எம் முன்னோர் எப்பள்ளியிலும் பயின்றாரல்லர்.

ஆயினும் வளர்க்கத் தெரிவது வேறு. அதனாற் சீவிப்பது வேறு. "தோட்ட வேலைக்கும் படிப்பா?" என வினவும் பெற்றோர் இன்றும் உளர். பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாத பிள்ளை, உத்தியோகத்தை எதிர்பார்த்தே ஆண்டுகளைக் கழிப்பதையும் காண்கிறோம். பூமரம் வளர்த்தல், வளவை அழகுற அமைத்தல், நாற்று விற்றல் என்னும் மூன்றும் சேர்ந்த தொழில், கற்றே கைக்கொள்ள வேண்டியது என்பதை ஈண்டுச் சில உதாரணங்களாற் காட்டுவோம்.

வேற்றிடத்திற் செழித்து நின்ற வெட்சியை வாங்கி எமது சுண்ணாம்பு மண்ணில் நட்டால், இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மாத்திரம் பச்சையாக நிற்பதுண்டு. வீட்டார் தண்ணீர் போதாதென எண்ணி மேலும் ஊற்றுவர். கற்றவரோ, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் காரத்தன்மையால் வேர் அதனை உறிஞ்ச இயலாமையே காரணமாகலாம் என இலையைப் பார்த்து உணர்வர். வெட்சியைத் தொட்டியில் கூட்டெருவிட்டு வளர்க்கச் சொல்லி, நிலத்துக்கு அலரியையோ போகன்வில்லாவையோ தெரிந்து கொடுப்பர்.

நீரின் செய்தி இதனினும் பெரிது. தீவிலே கிணற்று நன்னீர், நிலத்தின் கீழுள்ள உவர்நீரின் மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், கீழே உவர்நீர் நாற்பதடி எழ முற்படும். பம்பியைப் பூட்டி ஓயாது இறைக்கும் நாற்றுமேடைக்காரர், தம் கிணற்றோடு அயலார் கிணற்றையும் கெடுப்பரன்றோ? ஆதலின் தீவிலே வளவை அலங்கரித்தல் என்பது புற்றரை விரித்தல் அன்று. எச்செடியை எங்கே வைத்தால் எவ்வளவு நீர் மிஞ்சும் என வகுத்தலே அதன் உயிர்.

விற்பனைக்கும் கணக்கறிவு வேண்டும். 100 துண்டுகளை நட்டு 60 வேர்விட்டால், நூற்றுக்கும் செலவான மண், பை, நீர், கூலி யாவும் அந்த அறுபதின் விலையில் அடங்குதல் வேண்டும். இதனை எண்ணாது விற்பவர், கடை நிறையச் செடியிருந்தும் கடனாளியாவர்.

இக்கல்வியை இழிவென்போர் வரலாற்றை நோக்குக. 1876 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைத்த 1,919 இறப்பர் நாற்றுக்கள், கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவின் ஹெனரத்கொடைப் பூங்காவிலே வளர்க்கப்பட்டன. நாற்றைச் சாகாமற் காக்கத் தெரிந்த கைகளே இந்நாட்டின் ஒரு பெருந்தொழிலுக்கு வித்திட்டன. அதே கியூவில் 1896 இலே பெண்கள் முதன்முதலாகத் தோட்டக்கலைஞராய் அமர்ந்தனர்; அவர்கள் சுவான்லி தோட்டக்கலைக் கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தவர்கள். எம் புதல்வியரும் இதனை எண்ணுவாராக.

இன்று இலங்கையிலே தேசிய தொழிற்றகைமை ஏழு படிகளாக வகுக்கப்பட்டுள்ளது. முதல் நான்கும் சான்றிதழுக்கும், ஐந்தும் ஆறும் டிப்ளோமாவுக்கும், ஏழாவது பட்டத்துக்கும் உரியவை. உயர்கல்வியை நாடுவோருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலே உண்டு.

எப்பயிற்சியிற் சேருமுன்னரும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக: மண்ணிற் கைவைத்துப் பழக இடமுண்டா? கிணற்று நீரின் உப்பை அளக்கக் கற்பிப்பரா? வரவு செலவு எழுதப் பழக்குவரா? மூன்றுக்கும் "ஆம்" என்று விடை வருமாயின், பெற்றோர் தயங்காது பிள்ளையை அனுப்பலாம். கதியால் நட்ட கை அவர்களுக்கு முன்னரே உண்டு.