நடுக்களத்து வீராங்கனை

கால்பந்தாட்டத்திலே பந்தைக் கோலுக்குள் செலுத்தியவரையே உலகம் கொண்டாடும். அதனைத் தடுத்துக் காத்தவரையும் ஓரளவு நினைவுகூரும். இவ்விருவருக்கும் இடையே ஓயாது ஓடி, எதிரணியார் பந்தைப் பறித்துத் தம்மவர் காலடியிற் சேர்ப்பிக்கும் நடுக்கள ஆட்டக்காரரை நினைப்பார் சிலரே. அவர் பெண்ணாகவும் இருப்பின், அச்சிலருள்ளும் பலர் மறந்துவிடுவர்.

இந்துமதி கதிரேசன் என்னும் பெயரை நம் கலாசாலையில் எத்துணைப் பேர் அறிவர்? 1994-ஆம் ஆண்டில் கடலூரில் பிறந்த இவர், இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் நின்று ஆடியவர். 2019-ஆம் ஆண்டில் நேபாளத்து விராட்நகரில் நடைபெற்ற தெற்காசியப் போட்டியின் அரையிறுதியில், வங்காளதேசத்துக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். கிண்ணமும் இந்தியாவுக்கே கிடைத்தது. அதே ஆண்டில் லூதியானாவில் மதுரைச் சேது கழகம் மணிப்பூர்க் காவல் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீகைக் கைப்பற்றியபோது, அக்கழகத்திலும் இவர் விளங்கினார். 2022 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்துக்கான இந்திய அணியில் இடம் பெற்றார். ஆயினும் ஈரானுடன் ஓர் ஆட்டம் ஆடிய பின், நோய்த்தொற்றால் நம் அணி விலக நேர்ந்தது. பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு வாரத்திற்குள் கைநழுவியது!

இவர் தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர் என்பதையும் கருதுதல் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் ஊரடங்கினால் மைதானங்கள் வெறிச்சோடியபோது, இவர் சென்னையின் வீதிகளில் காவற்பணி புரிந்தார். இந்த உத்தியோகத்தைச் சிலர் ஆட்டத்துக்கு இடையூறென்பர். நாம் அதனை ஊன்றுகோலென்போம். வருவாயின்றி எந்தக் குடும்பமும் தன் மகளை நெடுங்காலம் மைதானத்திற்கு அனுப்பாது.

கால்பந்து பெண்களுக்குத் தகாது என்பாரும் உளர். இவ்வாதம் புதியதன்று. 1920-ஆம் ஆண்டு டிசம்பரில், லிவர்ப்பூல் நகரில் மகளிர் ஆட்டமொன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களை மகளிருக்கு மறுத்தது. அம்மறுப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்தது. அன்று அம்மகளிரிடம் குறைந்தது ஆற்றலன்று, ஆடுதற்குரிய நிலமே. நம் நாட்டிலோ, 1980-இல் கோழிக்கோட்டில் நிகழ்ந்த ஆசியப் போட்டியில் நம் மகளிர் இரண்டாம் இடம் பெற்றனர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் கட்டாக்கிலும், 2023-இல் அமிர்தசரசிலும் தேசிய வாகை சூடியது. தகுதியைப்பற்றி இனியும் வாதிடுவது வீண்.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பூவிருந்தவல்லியிலிருந்தும் வரும் மாணவிகளின் நிலை என்ன? மாலை மணி நான்கடித்ததும் மைதானம் மாணவர்களுடையதாகிறது. மாணவிகளோ இருட்டுமுன் வீடு சேர ரயிலையும் பஸ்ஸையும் நாடி விரைகின்றனர். எவரும் அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் எவரும் இடம் விடவுமில்லை. தடையினும் இப்பாராமுகமே கொடிது. தடையை எதிர்த்துப் பேசலாம். பாராமுகத்தை எதிர்த்து யாரிடம் முறையிடுவது?

ஆதலின் மூன்று காரியங்களை வேண்டுகின்றோம். வாரத்தில் இரண்டு மாலைகளேனும் மைதானம் மாணவிகளுக்கே உரியதாகுக. அந்நாட்களில் அவர்கள் பத்திரமாக இல்லம் சேர வாகன வசதி செய்யப்படுக. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உயர்பதவி வகிக்கும் நம் பழைய மாணவர்கள், நன்றாய் ஆடும் பெண்களுக்கு உத்தியோகம் கிடைக்க வழிகோலுக. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

எல்லாரும் இந்துமதி ஆகிவிட முடியாது, ஆக வேண்டுவதுமில்லை. பந்தைத் தானே வைத்துக்கொள்ளாது, தக்கவரிடம் தக்க சமயத்தில் சேர்ப்பிப்பதே நடுக்களத்தாரின் தருமம். இன்று பந்து நம் காலடியில் இருக்கின்றது. அதனை நம் சகோதரிகளிடம் சேர்ப்பிப்போமாக.