வாழ்ந்த வீடும் வரலாறே

நுழையும் முன்

ஓர் ஊரின் வரலாறு அரசர்களின் கோட்டைகளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. மக்கள் உண்டு, உறங்கி, உழைத்து வாழ்ந்த வீடுகளிலும் அது தங்கியிருக்கிறது. தொழில் வளர்ச்சியால் விரைந்து மாறிவரும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பழைய வீடுகளை ஏன் காக்க வேண்டும், எவற்றைக் காக்க வேண்டும், அப்பொறுப்பு யாருடையது ஆகிய வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழம்பெயரைக் காத்த கல்

ஓசூர் என்னும் பெயருக்குப் 'புதிய ஊர்' என்பது பொருள். கன்னடத்தில் 'ஹொச' என்பது புதியது என்னும் பொருளைத் தரும். 'ஊரு' என்பது ஊரைக் குறிக்கும். இப்புதிய ஊருக்குச் 'செவிடபாடி' என்னும் பழம்பெயர் இருந்தது. அதனை இன்று நாம் அறிவதற்குக் காரணம், அங்குள்ள சந்திரசூடேசுவரர் மலைக்கோயிலின் கல்வெட்டுகள். அக்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு வேறொரு கட்டடத்திற்கு அடித்தளமாகப் போயிருந்தால், ஊரோடு அதன் பெயரும் புதைந்திருக்கும்.

எழுத்துப் பொறித்த கல்லுக்கு அது தானே சான்று. படிக்கத் தெரிந்தவர் வந்ததும் அது பேசிவிடும். எழுத்தே இல்லாத ஒரு பழைய வீட்டின் நிலை வேறு. அதில் வாழ்ந்தவர்களும் அதைக் கட்டியவர்களும் மறைந்தபின், அதன் சுவரும் கூரையுமே அதற்குச் சான்றுகள். அவையும் இடிக்கப்பட்டால் அவ்வீட்டைப் பற்றிக் கூறுவதற்கு எதுவும் எஞ்சாது. வீடுகளைப் பற்றிய கவலை கோயில்களையும் கோட்டைகளையும் பற்றிய கவலையைவிட அவசரமானதாக இருப்பது இதனால்தான்.

எல்லை நிலத்தின் இல்லங்கள்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் அமைந்துள்ள இவ்வட்டாரம் பல ஆட்சிகளைக் கண்டது. 'பாராமகால்' என்று அழைக்கப்பட்ட நிலப்பகுதியையும் உள்ளடக்கிய இவ்வட்டாரம், மைசூர் அரசுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே நடந்த போர்களின் களமாக விளங்கியது. 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின்னர்ப் பாராமகால் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. பின்னாளில் சேலம் மாவட்டத்திலும், 1965ஆம் ஆண்டு முதல் தருமபுரி மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டமாக உருப்பெற்றது. ஆட்சி எல்லைகள் மாறினாலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளைப் பேசுவோர் இங்கு அண்டை வீட்டாராகவே வாழ்ந்து வருகின்றனர்.

இக்கலப்பு வீடுகளிலும் வெளிப்படுகிறது. நடுவே வானம் பார்த்த முற்றமும் அதனைச் சுற்றித் தாழ்வாரமும் கொண்ட வீட்டினைத் தமிழர் 'தொட்டிக்கட்டு வீடு' என்பர். எல்லைக்கு அப்பால் அதே அமைப்பினைக் கன்னடர் 'தொட்டி மனெ' என்பர். இரு மொழிகளும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வது, இரு மக்களும் ஒரே வாழ்முறையைப் பகிர்ந்துகொண்டதன் அடையாளமாகும்.

கருங்கல் நிறைந்த நிலம் இது. பாறையை உளியால் பிளந்து பலகைபோல் எடுத்த கற்களைச் சுவராகவும் கூரையாகவும் அமைத்த வீடுகளையும் மாட்டுக் கொட்டில்களையும் இவ்வட்டாரச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். மண்சுவர் வீடுகளும், சுண்ணாம்புக் காரை பூசிய வீடுகளும், நாட்டு ஓடு வேய்ந்த வீடுகளும் இங்கு உண்டு. 1865ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழியே பரவிய சீமை ஓடு, தென்னிந்தியக் கூரைகளின் தோற்றத்தையே மாற்றியது. ஒரு தெருவிலுள்ள கூரைகளைக் கூர்ந்து நோக்கினாலே, எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எந்தக் குடும்பம் எப்போது வசதி பெற்றது என்பவற்றை ஓரளவு உணரலாம். தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மின்விசிறி இல்லாத காலத்தில் மக்கள் கண்ட தொழில்நுட்பம் அது.

இறந்தோர்க்கும் ஒரு வீடு

வீடு என்னும் எண்ணம் இம்மண்ணில் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சூளகிரிக்கு அருகிலுள்ள மல்லசந்திரம் சான்றாகும். அங்குள்ள பாறைக் குன்றின்மீது பெருங்கற்காலத்தைச் சேர்ந்த கற்றிட்டைகள் பெருந்தொகையாக உள்ளன. நான்கு புறமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும் பலகையை மூடியாக வைத்து, பக்கத்தில் வட்டமான இடுதுளை அமைத்து எழுப்பப்பட்டவை அவை. இறந்தோர் நினைவாக எழுப்பப்பட்ட இத்தகைய சின்னங்களைத் தமிழகத்தின் பல பகுதிகளில் மக்கள் 'பாண்டவர் வீடு' என்றும் 'வாலியர் வீடு' என்றும் அழைத்து வந்துள்ளனர். கன்னட நாட்டில் அவற்றுக்கு 'மோரியர் மனெ' என்னும் பெயர் உண்டு. யார் எழுப்பினர் என்பதை மறந்த பிறகும், அவற்றை வீடு என்று கருதும் மனம் மட்டும் மறையவில்லை.

இவ்வட்டாரத்தின் தொன்மைக்கு மற்றொரு சான்று மயிலாடும்பாறை. அங்கு நடைபெற்ற அகழாய்வில் கிடைத்த மாதிரிகளை ஆராய்ந்ததில், இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 அளவுக்குப் பழமையானது எனத் தெரியவந்தது. இம்முடிவு 2022ஆம் ஆண்டில் தமிழகச் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. சிற்றூர் ஒன்றின் பெயர் உலக ஆய்வாளர்களின் கவனத்திற்கு வந்தது. தோண்டப்படும் வரை அந்நிலமும் பிற நிலங்களைப் போன்றே காட்சியளித்தது என்பதை நாம் மறத்தலாகாது. பார்வைக்கு எளியதாகத் தோன்றுவதனாலேயே ஒன்றைப் பயனற்றது என முடிவு செய்வது அறியாமையாகும்.

நிலைத்த வீடும் சிதைந்த மாளிகையும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10 அன்று பிறந்தவர் இராஜாஜி. விடுதலை பெற்ற இந்தியாவில் தலைமை ஆளுநர் பொறுப்பை வகித்த ஒரே இந்தியர் அவர். அவர் பிறந்த இல்லத்தைத் தமிழக அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. பெரும் பதவியை அடைந்த ஒருவர் எத்தகைய எளிய வீட்டிலிருந்து புறப்பட்டார் என்பதை, அங்குச் செல்லும் மாணவர் நேரில் உணரலாம். நூல் தரும் அறிவைவிட அவ்வீட்டின் வாயிற்படி தரும் அறிவு நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.

ஓசூரிலேயே மற்றொரு கட்டடமும் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆட்சியராக இருந்த பிரெட் என்பவர், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையை நினைவூட்டும் வகையில் எழுப்பிய மாளிகை அது. எளிய வீட்டைவிடப் பன்மடங்கு வலிமையாகக் கட்டப்பட்ட அம்மாளிகை பேணுவாரின்றிச் சிதைந்தது.

இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒரு கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் சுவரின் தடிப்பு அன்று. அதன்மீது மக்கள் கொண்ட அக்கறையே ஆகும். தொரப்பள்ளி இல்லத்திற்கு ஒரு பெரும் பெயர் துணையாக இருந்தது. அதனால் அது காக்கப்பட்டது. இது போற்றத்தக்கதே. ஆயினும், தலைவர்கள் பிறவாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு எப்பெயர் துணை நிற்கும்? கேழ்வரகு விளைவித்த உழவர், கல் உடைத்த தொழிலாளர், நெசவாளர், வணிகர் ஆகியோரின் வீடுகளில் வட்டாரத்திற்கு ஒன்றிரண்டேனும் எஞ்சினால்தான், பெரும்பான்மை மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை வருங்காலம் அறியும்.

தெரிந்து தெளிவோம்

நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்று இந்திய அரசியலமைப்பின் 49ஆம் பிரிவு கூறுகிறது. பன்முகப் பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 51அ பிரிவு கூறுகிறது. தொன்மைச் சின்னங்களைக் காக்க 1958ஆம் ஆண்டில் நடுவண் அரசின் சட்டமும், 1966ஆம் ஆண்டில் தமிழக அரசின் சட்டமும் இயற்றப்பட்டன. மரபுக் கட்டடங்களுக்கெனத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

எழும் மறுப்புகள்

பழைய வீடுகளைக் காக்க வேண்டும் என்று கூறும்போது மூன்று மறுப்புகள் எழும். மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதலாவது, வளர்ச்சி பற்றியது. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் அமைத்த தொழிற்பேட்டை, வானம் பார்த்த நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாத ஊதியத்தைக் காட்டியது. இருசக்கர வண்டியும் கைக்கடிகாரமும் சரக்குந்தும் உருவாகும் ஊராக ஓசூர் உயர்ந்தது; 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் ஆனது. இவ்வளர்ச்சி தேவையற்றது என எவரும் கூற இயலாது. தொழிற்சாலைக்கும் சாலைக்கும் இடம் தேவைதான். ஆனால், எந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்பதை முன்னரே கணக்கெடுத்து வைத்தால், சாலையைச் சற்று விலக்கி அமைக்கவோ, இயலாதபோது முறையாகப் பதிவு செய்துவிட்டு அகற்றவோ முடியும். கணக்கெடுப்பு இன்மையே கேடு விளைவிக்கிறது, வளர்ச்சி அன்று.

இரண்டாவது, உரிமையும் வசதியும் பற்றியது. கூரை ஒழுகும் வீட்டில் வாழ்பவருக்கு நல்ல தளம் போட்ட வீடு வேண்டும் என்னும் விருப்பம் நேர்மையானது. நகரத்தில் வாழும் ஒருவர் விடுமுறையில் வந்து கண்டு மகிழ்வதற்காக, சிற்றூரில் வாழ்பவர் ஒழுகும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அறமாகாது. மகளின் படிப்புக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ வீட்டை விற்பவரைப் பழிப்பதும் முறையன்று. ஊர் முழுவதும் பெருமை கொள்ளும் ஒரு வீட்டின் பழுதுபார்க்கும் செலவை ஒரு குடும்பம் மட்டும் தாங்க வேண்டும் என எதிர்பார்ப்பதே பிழை.

மூன்றாவது, சமத்துவம் பற்றியது. வழிப்போக்கர் இளைப்பாறத் திண்ணை கட்டிய பண்பாட்டினை நாம் புகழ்கிறோம். அத்திண்ணையில் எல்லாரும் அமர முடிந்ததா என்னும் வினாவையும் எழுப்ப வேண்டும். சில தெருக்களில் சிலர் செருப்பணிந்து நடக்கவும் இயலாத காலம் இருந்தது. பழைய வீட்டைக் காப்பது பழைய வழக்கத்தைக் காப்பதாக ஆகிவிடக் கூடாது. மாறாக, யார் எதுவரை நுழைய முடிந்தது என்பதையும் அவ்வீட்டின் வரலாறாக எழுதிவைக்க வேண்டும். அகன்ற முற்றம் கொண்ட வீட்டினைக் காக்கும் அதே அக்கறையோடு, ஊர்க்கோடியில் இருந்த ஓரறைக் குடிலையும் பதிவு செய்ய வேண்டும். அவ்வாறு செய்யும்போதுதான் மரபு என்பது அனைவருக்கும் பொதுவாகும்.

பொறுப்பைப் பகிர்தல்

இம்மறுப்புகளுக்கு விடை காண இயலும் என்பதற்குப் புதுச்சேரி ஓர் எடுத்துக்காட்டு. அங்கு வைசியாள் வீதியில் உள்ள தமிழர் வீடுகளின் முகப்புகள், 'இன்டாக்' எனப்படும் இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டன. திண்ணையும் தாழ்வாரமும் மீண்டும் பொலிவு பெற்ற அவ்வீதியின் மரபுக் கட்டடங்களுக்கு 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. வீட்டார் வீட்டாராகவே இருக்க, பொதுநிதியும் வல்லுநர் அறிவும் அவர்களைத் தேடிச் சென்றமையே அவ்வெற்றியின் அடிப்படை.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திற்கும் இவ்வழி பொருந்தும். உள்ளாட்சி அமைப்புகள் மரபு வீடுகளின் பட்டியலைத் தொகுத்து, பேணும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் சலுகை அளிக்கலாம். பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை, உரிமையாளரின் இசைவோடு வாடகைக்குப் பெற்று, நூலகமாகவோ குழந்தைகள் மையமாகவோ நடத்தலாம். ஆள் புழங்கும் வீடு விரைவில் பாழாவதில்லை. பழுதுபார்க்கும் முறையையும் கற்பிக்க வேண்டும். காரைச் சுவரின்மீது சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள்ளேயே பொரிந்து உதிரும். நல்லெண்ணத்தோடு செய்த வேலையே வீட்டைக் கெடுத்துவிடும். சுண்ணாம்பைப் பதமாகப் புளிக்கவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் கைத்திறன் அறிந்த கொத்தனார்கள் இன்று சிலரே. அவர்களிடம் இளையோர் தொழில் பயில வாய்ப்பளித்தால், வீடும் நிலைக்கும், வேலைவாய்ப்பும் பெருகும்.

மாணவர் பணி

சட்டமும் நிதியும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிவு செய்யும் பணியை இன்றே தொடங்கலாம். கிருஷ்ணகிரியில் 1993ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகம் இவ்வட்டாரத்தின் நடுகற்களையும் தொல்பொருள்களையும் காத்து வருகிறது. நடுகல்லை அருங்காட்சியகத்திற்குக் கொண்டுசெல்லலாம்; வீட்டைக் கொண்டுசெல்ல இயலாது. ஆகவே, வீட்டைத் தேடி நாம்தான் செல்ல வேண்டும்.

ஒரு மாணவர் தம் தெருவில் உள்ள மிகப் பழைய வீட்டின் படத்தை எடுக்கலாம். அறைகளின் அமைப்பை வரையலாம். கல் எங்கிருந்து வந்தது, மரம் எவ்வகையைச் சார்ந்தது, கட்டியவர் யார் என்பவற்றை வீட்டின் மூத்தோரிடம் கேட்டு எழுதலாம். குதிர் இருந்த மூலைக்கும் விளக்கு வைத்த மாடத்திற்கும் அவர்கள் வழங்கும் பெயர்களை, அவை தமிழோ தெலுங்கோ கன்னடமோ உருதோ, அவர்கள் சொல்லியவாறே குறித்துக்கொள்ளலாம். ஒரு வகுப்பில் நாற்பது பேர் இதனைச் செய்தால் நாற்பது வீடுகளின் வரலாறு கிடைக்கும். அவற்றுள் சில வீடுகள் பின்னாளில் இடிக்கப்படலாம். ஆயினும், அவை இருந்தன என்பதற்குச் சான்று இருக்கும்.

செவிடபாடி என்னும் பெயரைக் கல்லில் எழுதியவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதனை ஒருவர் படிப்பார் என எண்ணியிருப்பாரோ, மாட்டாரோ, எழுதிவைத்தார். அதனால் ஓர் ஊர் தன் பழம்பெயரை இழக்கவில்லை. நம் காலத்தில் மறைந்துகொண்டிருக்கும் வீடுகளுக்காக அப்பணியைச் செய்ய வேண்டியவர்கள் நாமே. அவ்வீடுகளில் பிறந்து வாழ்ந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும்.