"பால் இல்லை" என்று தீர்ப்பெழுத நீங்கள் யார்?

சென்ற வைகாசியில் ஒரு பிற்பகல், பிறந்து ஒன்பது நாளேயான குழந்தையை அணைத்தபடி ஓர் இளம் தாய், கரவெட்டியிலுள்ள எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தார். முப்பத்தொன்று கழியமுன்னர் வெளிக்கிட்டுவிட்டாளே என்று முணுமுணுத்தபடி மாமியார் பின்னால் வந்தார். அவர் கையிலே ஒரு பால்மா ரின். "இவளுக்குப் பால் இல்லை" என்பது அவருடைய தீர்ப்பு.

எனது மனைவி அந்தத் தீர்ப்பைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை. தாயை அறைக்குள் அழைத்துச் சென்று சாய்ந்து அமரச் செய்தார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு பொருந்தும்படி திருப்பினார். அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பு மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் அடங்கும்படி அணைத்துக் கொடுத்தார். இது மந்திரமன்று. மேலும் எட்டு நாள்கள் அப்பெண் வந்துபோனார். நாளொன்றுக்கு எத்தனை துணி நனைகிறது என்று எண்ணச் சொன்னார் மனைவி. நிறை பார்க்கக் கிளினிக்குக்கு அனுப்பினார். ரின் திறக்கப்படாமலே திரும்பிப் போயிற்று.

இந்த அறிவு அவருக்கு நூலிலிருந்து வந்ததன்று. 1987 மே 26 இல் வடமராட்சி மீது 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியபோது எங்கள் மூத்த மகளுக்கு இருபது நாள். பிறந்த மூன்றாம் நாளே "பால் இல்லை" என்று உறவினர் முடிவு செய்திருந்தனர். காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை ரின் பாலுக்கு மாறியது. ஷெல்லுக்கு அஞ்சி ஒதுங்கிய இடத்திலோ கடையுமில்லை, கொதிநீருமில்லை. அங்கிருந்த ஒரு முதிய மருத்துவிச்சிதான் எஞ்சிய மாவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இரவுபகலாகப் பிள்ளையை மார்பில் விட்டு, வற்றிவிட்டதாகச் சொல்லப்பட்ட பாலை மீட்டுத் தந்தார். அவர் கைபட்டுப் பிறந்தவர்களே அவரைத் திண்ணைக்கு மேல் ஏற்றாத ஊர் எங்களுடையது. விழுந்த ஷெல்களைப் பற்றி எழுதிய என் பேனா அந்த மூதாட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்தக் கடனையே இன்று தீர்க்கிறேன்.

"பாலூட்டுவது இயற்கை, அதற்கொரு நிபுணர் எதற்கு?" என்று கேட்போர் பலர். கன்று காம்பைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினால் அதன் வாயிற் காம்பை வைத்துப் பழக்குகிறவர்கள்தாம் இதைக் கேட்கிறார்கள்! மாட்டின் கடும்பை அவித்து உண்ணும் நாம், தாயின் முதற் சுரப்பான மஞ்சட் பாலை மட்டும் "பழுதான பால்" என்று பிழிந்து ஊற்றச் சொன்னோம். முன்பு அக்காவும் சின்னம்மாவும் பாலூட்டுவதைப் பார்த்தே பெண் வளர்ந்தாள். இன்று பலர் முதன்முதலில் தூக்கும் பச்சைக் குழந்தை தம்முடையதே.

"பால் இல்லை" என்ற நிலை பெரும்பாலும் பிறப்பதன்று, ஆக்கப்படுவது. முதல் இரண்டு, மூன்று நாள்கள் சுரப்பது சிறிதளவே; சிசுவின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். குழந்தை அழுகிறது; மாப்பால் கொடுக்கிறோம்; வயிறு நிறைந்த குழந்தை உறிஞ்சுவது குறைகிறது; உறிஞ்சுவது குறையச் சுரப்பும் குறைகிறது. பிறகு தாயைக் குற்றவாளி ஆக்குகிறோம். உண்மையாகவே பால் குறைந்த தாய்மாரும் உளர். தைரொயிட் கோளாறு, கருப்பையில் நஞ்சுக்கொடியின் துண்டு தங்குதல் முதலியன அதற்குக் காரணமாகலாம். அவர்களுடைய பிள்ளைக்கு மாப்பால் மருந்து, அதில் வெட்கமில்லை. ஆனால் எது உண்மைக் குறை, எது நாம் ஆக்கிய குறை என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டாமா?

அதிகாரிகளோ புள்ளிவிபரத்தைக் காட்டுவர். பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் கோவையை இலங்கை 1983 இலேயே கொண்டுவந்தது. 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். பெருமைதான். ஆனால் அந்த எண்ணிக்கையில் வெடித்த காம்பும் நள்ளிரவுக் கண்ணீரும் இல்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார்; உண்மை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, நிறை, குடும்பத் திட்டம் என்று சுமை ஏறிய அவரால் ஒரு தாயருகே எட்டு நாள் அமர முடியுமா? ஒவ்வோர் ஆவணியிலும் ஒட்டப்படும் தாய்ப்பால் வாரச் சுவரொட்டி பிள்ளையை அணைத்துக் கொடுக்குமா?

1956 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஏழு தாய்மார் 'லா லெச்சே லீக்' அமைப்பைத் தொடங்கினர். தாய் தாய்க்குக் கற்பிப்பதே அவர்களின் வழி. அவ்வழியின் தொடர்ச்சியாக 1985 இல் பாலூட்டல் ஆலோசகருக்கான சர்வதேசத் தேர்வே வந்தது. மேலைநாட்டு மோகம் என்று இதைத் தள்ளாதீர்கள். எங்கள் மருத்துவிச்சி செய்ததும் இதுவே. அவர்கள் அதற்குத் தேர்வும் ஊதியமும் மதிப்பும் வைத்தார்கள், நாம் துடக்கு வைத்தோம்.

பட்ட அனுபவம் மட்டும் போதும் என்று நான் சொல்லவரவில்லை. எனது மனைவியும் ஒருமுறை தவறினார். நிறை ஏறாத குழந்தையை வைத்தியரிடம் அனுப்பச் சில நாள் தாமதித்தார். அது பிழைத்தது. அதன்பின் அவர் தாதியரிடம் அமர்ந்து முறையாகக் கற்றார். அனுபவம் கதவைத் திறக்கும். பயிற்சிதான் பிள்ளையைக் காக்கும்.

ஆகவே என் கோரிக்கை இது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் தாய்மார் ஆதரவுக் குழுக்கள் தொண்டாக இயங்குகின்றன. அவற்றிலிருந்து, தாமே இடர்ப்பட்டு மீண்ட பெண்களைத் தெரிந்தெடுங்கள். முறையான பயிற்சியும் தேர்வும் வையுங்கள். கிளினிக்கில் ஒரு கதிரையும் மாதச் சம்பளமும் கொடுங்கள். தொண்டு என்ற பெயரில் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்கியது போதும்.

அதுவரை, மாமிமாரே, கணவன்மாரே, ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "இவளுக்குப் பால் இல்லை" என்று சொல்ல வாயெடுக்குமுன், அவளுக்கு யார் துணை இருந்தார்கள் என்று கேளுங்கள்.