மூச்சைச் சீராக்குவது படைப்பை மாற்றுவதாகுமா?

 

மார்க்கம் விதிக்காத தடையை மார்க்கத்தின் பெயரால் விதிப்பது பெரும் குற்றம். அத்தகைய தடையொன்று நம் புதுச்சேரியின் முஸ்லிம் வீதிகளில் ஓசையின்றி நடமாடி வருகிறது. மூக்கின் நடுத்தடுப்பு வளைந்து, மூச்சுவிடச் சிரமப்படும் ஒருவருக்கு மருத்துவர் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார். உடனே வீட்டில், "அல்லாஹ் படைத்த மூக்கில் கத்தி வைக்கலாமா?" என்ற கேள்வி எழுகிறது. அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவரோ ஆண்டுக்கணக்கில் வாயால் மூச்சுவிட்டபடி உறக்கமின்றித் தவிக்கிறார்.

இரு நாசித் துவாரங்களையும் பிரிக்கும் சுவர், முன்புறம் குருத்தெலும்பாலும் பின்புறம் எலும்பாலும் ஆனது. சிறிதளவு வளைவு பலருக்கும் உண்டு. தொல்லை தராத வளைவுக்குச் சிகிச்சையே தேவையில்லை. வளர்ச்சியின் போக்கிலோ, அடிபட்டதாலோ வளைவு மிகுந்து மூச்சுப் பாதையை அடைத்தால்தான் சிக்கல். ஒவ்வாமையால் வரும் வீக்கத்தை மருந்து தணிக்கும். வளைந்த சுவரை எந்த மருந்தும் நிமிர்த்தாது. கடையில் தாமாகவே வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

தடுப்போர் எடுத்துக்காட்டுவது அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனத்தை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அவ்வசனம் கூறுகிறது. அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கும் பெண்களைக் கண்டிக்கும் நபிமொழியும் உண்டு. "அழகுக்காக" என்ற அந்தச் சொல்லையே பிடித்து, மருத்துவத்திற்காகவோ குறையை நீக்கவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) தமது முஸ்லிம் விரிவுரையில் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அவர்கள். அவர்கள் திறந்து வைத்த வாசலை அடைக்க நாம் யார்?

மூக்கைப் பற்றியே நேரடியான சான்றும் இருக்கிறது. அறியாமைக் காலத்துக் குலாப் போரில் அர்ஃபஜா (ரலி) தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் செய்து பொருத்திய மூக்கு துர்நாற்றம் வீசியது. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது. தேவை ஏற்பட்டபோது அந்த விலக்கே தளர்த்தப்பட்டிருக்க, உள்ளிருக்கும் சுவரைச் சற்று நிமிர்த்துவதை எந்த நியாயத்தில் தடுப்பது?

"பொறுமையாக இருந்தால் கூலி உண்டு" என்பது அடுத்த வாதம். நோயில் பொறுமைக்குக் கூலி உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், மருத்துவம் செய்யலாமா என்று கேட்ட கிராமவாசிகளிடம் செய்யுமாறு கூறியவர்கள் நபி (ஸல்) அவர்கள்தாம். முதுமையைத் தவிர மற்றெல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியுள்ளான் என்றும் கூறினார்கள். மேலும், அடுத்தவரின் மூச்சுத் திணறலுக்கு நாம் பொறுமையை உபதேசிப்பது மிக எளிது.

இச்சிகிச்சையை நாமும் செய்துகொண்டவர்களே. துவாரத்தின் உட்புறமாகவே செய்ததால் முகத்தில் தழும்பு ஏதுமில்லை. இரண்டு நாட்கள் மூக்கினுள் பஞ்சு அடைத்திருந்தார்கள். வாய் உலர்ந்தது, உறக்கம் கெட்டது. தலை தாழ்த்தினால் இரத்தம் கசியும் என்று மருத்துவர் எச்சரித்ததால் அமர்ந்து சைகையால் தொழுதோம். ஒளூவில் நாசிக்கு நீர் செலுத்துவது ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் ஸுன்னத்தே. அதை விட்டாலும் ஒளூ நிறைவேறும். சில வாரங்கள் உப்புநீரால் கழுவி வந்தோம். பின்பு ஒரு ஃபஜ்ரில், ஒளூவின் நீர் இரு நாசிகளிலும் தடையின்றி ஏறி இறங்கியபோது அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஓதிக்கொடுப்போருக்கும் இதில் பங்குண்டு. நூன், மீம் எழுத்துகளின் குன்னா, மூக்கின் உட்பகுதியான கைஷூமிலிருந்து பிறக்கிறது என்பது தஜ்வீதின் பாலபாடம். அந்த வழியே அடைபட்ட பிள்ளையிடம் குன்னா சரியில்லை என்று பிரம்பைக் காட்டுவது என்ன நீதி? வாய் திறந்து உறங்கி, இரவெல்லாம் குறட்டை விட்டு, காலைப் பாடத்தில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளுக்கு அடினாய்டு வீக்கமே காரணமாக இருக்கலாம். மூக்கு வளரும் வயதில் நடுத்தடுப்பு அறுவையைப் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

நெதர்லாந்தில் 203 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வும், பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வும், அறுவையின்றிக் கவனிக்கப்பட்டோரைவிட அறுவை செய்துகொண்டோர் அதிக நிவாரணம் பெற்றதைக் காட்டின. இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, அரிதாகச் சுவரில் துளை விழுதல் ஆகிய அபாயங்களும் உண்டு. எல்லோருக்கும் முழுப் பலன் கிடைப்பதில்லை. இவற்றைக் கேட்டறிந்து தயங்குவது அறிவுடைமை; மார்க்கத்தைச் சாக்காக்கித் தயங்குவது அறிவுடைமையாகாது.

வேடிக்கை என்னவென்றால், மகனின் மூச்சுக்கு ஃபத்வா தேடும் சில வீடுகள், மகளின் திருமணத்திற்காக மூக்கின் வடிவைத் திருத்த எவ்விதக் கேள்வியும் கேட்பதில்லை. வசனம் எச்சரிப்பது எதை என்று அவர்களே சிந்திக்கட்டும்.

1823இலேயே மருத்துவப் பள்ளி கண்ட ஊர் நம் புதுச்சேரி. அதன் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில் நம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். வளைவுதான் காரணமா, மருந்து போதுமா, அறுவை வேண்டுமா என்று கேளுங்கள். முடிவை மருத்துவ அறிவின் மீது எடுங்கள். ஹலாலை ஹராமாக்கும் துணிச்சலிலிருந்து வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் காப்பானாக! நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.