சாவுக்குக் கூடுகிறோம், சாகிறவரோடு பேசுகிறோமா?

கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, சாவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் எழுதாத சட்டம். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மாலையோடு வந்து நிற்பார். சேதி போன கொஞ்ச நேரத்தில் பந்தல்காரரும் ஐஸ் பெட்டிக்காரரும் வந்துவிடுகிறார்கள். மதியத்துக்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியாகிவிடும். நீர்மாலை எடுப்பது யார், கோடி போடுவது யார், நெய்ப்பந்தம் பிடிப்பது எந்தப் பேரன் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. வந்தால் எடுத்துச் சொல்ல ஊரில் ஒரு பெரியவர் இருப்பார். இறந்த உடலை வழியனுப்பவும் பறிகொடுத்தவர்களைத் தாங்கவும் இவ்வளவு நேர்த்தியாக ஏற்பாடு செய்து வைத்திருக்கும் சமூகம், அதற்கு முந்தைய சில மாதங்களில் அந்த மனிதருக்காக என்ன செய்தது?

விசாரித்துப் பார்த்தால் பல வீடுகளில் ஒரே கதைதான். ஸ்கேன் ரிப்போர்ட் மகனின் பையில் இருக்கும். “அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார்” என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். “சாதாரணக் கட்டிதான், மருந்துலயே கரைஞ்சிடும்” என்று அப்பாவிடம் சொல்வார்கள், அதுவும் புற்றுநோய்ப் பிரிவின் வரிசையில் அவரை உட்கார வைத்துக்கொண்டே. தலைக்கு மேலே தொங்கும் பலகையை அவரும் படித்திருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் நோயைப் பற்றி நாலு வார்த்தை பேசியும் இருப்பார். ஆனால் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள மாட்டார். பிள்ளைகள் மனம் உடைந்துவிடும் என்ற கவலை. இரு தரப்பும் பாசத்தால் நடத்தும் இந்த நாடகம் கடைசி நாள் வரை ஓடும்.

மரணத்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்ளும் சமூகம் என்று நம்மைச் சொல்ல முடியாது. தெருவையே அடைத்துப் பந்தல் போட்டு அழுகிறவர்கள் நாம். ஊருக்கெல்லாம் அறிவிக்கும் மரணத்தை, சாகப்போகிற அந்த ஒருவரிடமிருந்து மட்டும் மறைக்கிறோம் என்பதுதான் விசித்திரம். நம் இலக்கியத்திலும் இந்தக் கோணல் ஓரளவு பதிந்திருக்கிறது.

இலக்கியம் யார் பக்கம் நின்றது?

புறநானூற்றைச் சாவின் தொகுப்பு என்றே சொல்லலாம். போரில் விழுந்தவன், நடுகல்லாக நின்றவன், அவனுக்காகக் கலங்கும் பாணன், கைம்மை நோன்பு நோற்கும் பெண் என்று பக்கம்தோறும் மரணம். கையறுநிலை என்று தனித் துறையே வகுத்தார்கள். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது புலவர் ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்துப் பாடுகிறார்: இவ்வளவு பெரிய புகழுடையவனைக் கவிக்கும் தாழியை எப்படி வனையப்போகிறாய்? துணையோடு பாலை வழியே வந்து, அவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும் குயவனிடம்தான் பேசுகிறாள்: தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் மண்ணைத் தோண்டத் தோண்டத் தாழிகள் வருவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பாடல்கள் வெறும் கற்பனையாகத் தோன்றாது.

ஆனால் இவற்றில் பேசுகிறவர்கள் இருப்பவர்கள். இறந்தவன் பேசுபொருள். இதற்கு அழுத்தமான விதிவிலக்கு கோப்பெருஞ்சோழன். பிள்ளைகளோடு ஏற்பட்ட பகையில் மனம் வெறுத்து வடக்கிருந்து உயிர்விட முடிவுசெய்த அவன், தன் சாவைப் பற்றி வாய்விட்டுப் பேசினான். பாண்டிய நாட்டில் இருந்த புலவர் பிசிராந்தையார் நிச்சயம் வருவார் என்று சொல்லி அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். மனைவி கருவுற்றிருந்த புலவர் பொத்தியாரை, மகன் பிறந்த பிறகு வரும்படி திருப்பி அனுப்பினான். யார் வர வேண்டும், யார் இப்போது போக வேண்டும் என்பதைச் சாகப்போகிறவனே முடிவுசெய்கிறான்; சுற்றியிருப்பவர்கள் அதைக் கேட்டு நடக்கிறார்கள். உண்ணாமல் உயிர்விடுவதை நாம் இன்று போற்ற வேண்டியதில்லை. அந்த உரையாடலைக் கவனிக்க வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு ஓர் அரசனுக்குக் கிடைத்த அந்த உரிமை இன்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பின்னால் வந்த அற இலக்கியம் வேறு பாதையில் போனது. திருக்குறளின் நிலையாமை அதிகாரமும் நாலடியாரும் சித்தர் பாடல்களும் சாவைத் திரும்பத் திரும்ப நினைவூட்டின. மணிமேகலை காட்டும் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் எரிப்பது, புதைப்பது, தாழிக்குள் வைப்பது எல்லாம் அடுத்தடுத்து நடக்கின்றன. தவசி, செல்வர், குழந்தை என்று சாவு பேதம் பார்ப்பதில்லை என்று காப்பியம் சொல்கிறது. இவை பெரிய உண்மைகள்தான். ஆனால் எல்லோருக்கும் பொதுவான சாவைப் பற்றிய உண்மைகள். கட்டிலில் கிடக்கும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு இவற்றில் பதில் இல்லை. நிலையாமையை அவ்வளவு பாடிய பட்டினத்தாரே தாயின் சிதைக்கு முன்னால் உருகிப்போய்ப் பாடியதாகத்தான் மரபு சொல்கிறது. உபதேசத்தின் எல்லை அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

ஒப்பாரியையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்கள் ஊர் முன்னால் உரத்துப் பேச அனுமதி கிடைத்த அபூர்வமான இடம் அது. இறந்தவரின் பெருமையோடு நாத்தனார் செய்த கொடுமையும், பிறந்த வீட்டார் கைவிட்டதும், சொத்தில் நடந்த வஞ்சனையும் மாரடிப்புக்கு நடுவே வெளியே வரும். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்வதற்கு அங்கேயும் முதல் நிபந்தனை, கேட்க வேண்டியவர் இறந்திருக்க வேண்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருவர்

சாகிறவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது நவீனச் சிறுகதைதான். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதை, செல்லம்மாளின் மூச்சு ஒடுங்குவதில்தான் தொடங்குகிறது. சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவியைத் தன்னந்தனியாகப் பார்த்துக்கொள்கிறார். சொந்தபந்தம் எல்லாம் தெற்கே, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி. சமைப்பது, மருத்துவரைத் தேடி ஓடுவது, கடையிலிருந்து சேலை கொண்டுவந்து காட்டுவது, இடையில் பிழைப்புக்கும் போய்வருவது என்று கதை அவர் கைகளையே பின்தொடர்கிறது. அவள் போன பிறகு வெந்நீர் வைத்து உடலைக் குளிப்பாட்டுவதும் அவரேதான். கூட்டம் இல்லை, தத்துவமும் இல்லை. பராமரிப்பு என்பது எவ்வளவு உடல் வேலை, எவ்வளவு தனிமை என்பதைத் தமிழில் இவ்வளவு கிட்டத்தில் காட்டிய எழுத்து குறைவு. அதே எழுத்தாளர் ‘மகாமசானம்’ கதையில் சென்னையின் நெரிசலான சாலையோரம் ஒரு பிச்சைக்காரரைச் சாக வைத்து, கண்டும் காணாமல் கடந்துபோகும் நகரத்தைக் காட்டினார்.

ரஷ்யாவில் டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ இதே கட்டிலின் மறுபக்கத்தைக் காட்டியது. நீதிமன்றத்தில் பெரிய பதவியில் இருந்த இவானை நோவைவிட அதிகம் வதைத்தது, அவன் வெறும் நோயாளி, மருந்தில் சரியாகிவிடுவான் என்று எல்லோரும் சேர்ந்து சொன்ன பொய். மனைவியும் மருத்துவர்களும் அந்தப் பொய்யை விடவில்லை. வீட்டு வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான் பொய் சொல்லாதவன். வலி குறைய வேண்டும் என்பதற்காக எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறான். மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே, சாவை எதிர்கொள்ள மருத்துவம் தவறும் விதம் பற்றி 2014இல் எழுதிய நூலை இந்தக் கதையிலிருந்தே தொடங்கினார். மருத்துவம் எவ்வளவோ மாறிவிட்டது; அந்தப் பொய் மட்டும் மாறவில்லை.

சிதையிலும் இல்லாத சமம்

இறந்த பிறகாவது எல்லோரையும் ஒரே மாதிரி அனுப்புகிறோமா என்றால், அதுவும் கிடையாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுசெல்ல வழி கிடைக்காமல், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. 2020 ஏப்ரலில் கரோனாவில் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் கல்லெறிந்து விரட்ட, சக மருத்துவரே மண்வெட்டியை எடுத்துக் குழியை மூட வேண்டியிருந்தது. சாவு பேதம் பார்ப்பதில்லை என்று மணிமேகலை சொன்னதைச் சமூகம் பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டது.

சாவுக்கு முன்பும் நிலைமை மேலல்ல. பேச்சில்லாத வீட்டில் பராமரிப்பின் சுமை கூடும்போது என்ன நடக்கும் என்பதற்குத் தென்மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தல் சாட்சி. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி முடித்துவைக்கும் இந்த வழக்கத்தைத்தான் பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கிய ‘பாரம்’ படமாக்கியது. தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது. கருணை என்று சிலர் இதற்குப் பெயர் வைக்கிறார்கள். சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்வது கருணையாகாது. சட்டப்படி அது கொலை. வசதியுள்ள வீடுகளில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. இனிப் பயனில்லை என்று தெரிந்த பிறகும், “ஏன் முயற்சி பண்ணலே?” என்று நாளை நாலு பேர் கேட்பார்களே என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை சுவாசத்தோடு நாளைக் கடத்துகிறார்கள். நிலத்தை விற்றுக்கூடப் பணம் கட்டுகிறார்கள். அங்கேயும் அந்த மனிதரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

சட்டம் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை

மீள முடியாத நிலையில் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில், சிகிச்சையை நிறுத்துவதற்கு 2011இல் கொஞ்சம் திறந்த கதவை, 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அகலத் திறந்தது. கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லி, மீளவே முடியாத நிலையில் தனக்கு என்ன சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றது. முதலில் இதற்கு நீதித்துறை நடுவரின் கையொப்பம் தேவைப்பட்டது. யாராலும் எளிதில் செய்ய முடியாத அந்த நடைமுறையை 2023 ஜனவரியில் நீதிமன்றமே தளர்த்தியது. இன்று இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவரின் சான்றொப்பமும் போதும். தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கர்நாடகம் 2025 ஜனவரியில் அரசாணை வெளியிட்டது.

வலியைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. மார்ஃபின் புதிய மருந்தல்ல, விலை அதிகமும் அல்ல. போதைப் பொருள் தடுப்புக்காக 1985இல் வந்த சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே அஞ்சின. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாகியும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை.

கேரளம் இந்த இடத்தில் நமக்கு முன்னால் போய்விட்டது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிவைத்த வலிநிவாரண முயற்சி, மலப்புரம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர் என்று பலரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். புண்ணைத் துடைக்கச் செவிலியர் இருப்பார். இவர்கள் போவது உட்கார்ந்து பேசுவதற்கு. 2008இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது, உள்ளாட்சி அமைப்புகள் பொறுப்பேற்றன. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சை சேர்க்கப்பட்டிருக்கிறது. செவிலியர் வீட்டுக்கு வருவது பெரிய மாற்றம். ஊர்க்காரர் வருவதுதான் இன்னும் நடக்கவில்லை. சாவு வீட்டுக்கு ஊரையே திரட்டத் தெரிந்த நமக்குத் தன்னார்வலர்கள் கிடைக்காமல் போக மாட்டார்கள். எந்த நாளில் வர வேண்டும் என்பதை மாற்றிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் ஆள் உடைந்துவிடுவார் என்பது பெரும்பாலோர் முன்வைக்கும் மறுப்பு. அதில் அக்கறை இருக்கிறது, அதை ஏளனம் செய்ய முடியாது. ஆனால் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்பதுதான் முதல் படி. எதுவும் தெரிய வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. தெரிய வேண்டும் என்பவருக்கு முடிக்க எத்தனையோ வேலை இருக்கும்: யாரையோ பார்க்க வேண்டும், ஒரு பட்டாவை மாற்ற வேண்டும், வருடக்கணக்காகப் பேசாத தங்கையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். மறைப்பதன் மூலம் அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டு, பிறகு அதற்காக ஒப்பாரி வைப்பதில் என்ன நியாயம்?

வீட்டில் நலமாக இருக்கும்போதே கேட்டுவைக்கக்கூடிய கேள்விகள் நாலைந்துதான். முடியாமல் போனால் வீட்டில் இருக்க விருப்பமா, மருத்துவமனையிலா? செயற்கை சுவாசம் வேண்டுமா? உங்கள் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும்? யார் பக்கத்தில் இருக்க வேண்டும்? பதில்களை எழுதிக் கையெழுத்து வாங்க ஒரு மாலைப் பொழுது போதும். இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் கிடைக்காத தாலுகா தமிழ்நாட்டில் இல்லை. முதல் கேள்வியைக் கேட்கும் மகனோ மகளோதான் தேவை.